வளையச் சீலுக்கு வெண்பனி ஏன் வேண்டும்?

காற்றைச் சுவாசிக்கும் ஒரு பாலூட்டி, பல மாதங்கள் உறைந்து மூடிக்கிடக்கும் கடலுக்கு அடியில் வாழ்கிறது. தலைக்கு மேலே சில இடங்களில் இரண்டு மீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி. அதற்கும் மேலே, மைனஸ் 30 டிகிரிக் குளிரில், பசியோடு மோப்பம் பிடித்து அலையும் துருவக்கரடி. இந்த நிலைமையில் அது மூச்சு விட வேண்டும், தூங்க வேண்டும், குட்டி போட வேண்டும், அந்தக் குட்டிக்கு ஒரு மாதத்துக்கு மேல் பால் கொடுக்கவும் வேண்டும். இதையெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கும் விலங்கின் பெயர் வளையச் சீல்.

ஆர்க்டிக் சீல் என்றாலே பனிக்கட்டி உருகும் செய்திதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. அது உண்மைதான். ஆனால் வளையச் சீலைப் பொறுத்தவரை பனிக்கட்டி மட்டும் இருந்தால் போதாது. பனிக்கட்டியின் மேல் எவ்வளவு வெண்பனி குவிந்திருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். குட்டி பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் அந்தக் குவியலின் உயரத்தைப் பொறுத்தது. இது எப்படி என்று விளக்குவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே பனிக்கட்டி என்று சொல்லும்போதெல்லாம் உறைந்த தண்ணீரை, அதாவது கடலின் மேற்பரப்பே கெட்டியாகிப் போன பாளத்தைச் சொல்கிறேன். வெண்பனி என்றால் மேகத்திலிருந்து துகள் துகளாக விழுந்து, காற்றடித்துக் குவியும் பனி. இரண்டும் தண்ணீர்தான் என்றாலும் வளையச் சீலுக்கு இரண்டின் பயனும் வேறு வேறு.

யார் இது?

சீல்களில் முக்கியமாக இரண்டு குடும்பங்கள் உண்டு. வெளியே தெரியும் சின்னக் காது மடல்களோடு, பின் துடுப்புகளை முன்பக்கம் மடக்கி நிலத்தில் நடக்கக்கூடியவை ஒரு வகை. கடல்சிங்கங்கள் இதில் வரும். சர்க்கஸில் பந்தை மூக்கில் நிறுத்திக் காட்டியவை இவைதான். இன்னொரு வகைக்குக் காது மடல் கிடையாது, ஓட்டை மட்டும்தான் இருக்கும். பின் துடுப்புகள் பின்பக்கமாகவே நீட்டிக்கொண்டிருப்பதால் நிலத்தில் வயிற்றால் உந்தி உந்தித்தான் நகர முடியும். தண்ணீரில் இறங்கிவிட்டால் அதே பின் துடுப்புகள்தான் அதை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும். வளையச் சீல் இந்த இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்தது. நாய், கரடி எல்லாம் இருக்கும் ஊனுண்ணி வரிசையில்தான் சீல்களும் வருகின்றன. அதன் முன்னோர் நிலத்தில் நடந்தவை.

ஆர்க்டிக்கில் இருக்கும் சீல்களில் இதுதான் மிகச் சிறியது. நீளம் 1.1 முதல் 1.6 மீட்டர். எடை பெரும்பாலும் 50 முதல் 70 கிலோ, கொழுப்பு ஏறியிருக்கும் காலத்தில் இன்னும் கூடும். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவு. கருஞ்சாம்பல் நிற முதுகில் வெளிர் வளையங்கள் இருக்கும், பெயர் அதிலிருந்து வந்ததுதான். வயிறு வெள்ளி நிறம். அறிவியல் பெயர் பூசா ஹிஸ்பிடா.

அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம், ரஷ்யாவின் வடகரை என்று வடதுருவத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் இது இருக்கிறது. ஐந்து துணையினங்களாகப் பிரிக்கிறார்கள்: ஆர்க்டிக் கடலில் ஒன்று, ஒகோட்ஸ்க் கடலில் ஒன்று, பால்டிக் கடலில் ஒன்று. மீதி இரண்டும் ஏரிகளில் வாழ்கின்றன. ரஷ்யாவின் லடோகா ஏரியில் ஒன்று, பின்லாந்தின் சைமா ஏரியில் ஒன்று. கடைசி பனியுகம் முடிந்து, பனிப்பாறைகளின் பாரம் நீங்கிய நிலம் மெல்ல மேலெழுந்தபோது, கடலோடு இருந்த தொடர்பு அறுந்து அங்கேயே தங்கிவிட்டவை இவை. சைமா சீலைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், வெண்பனியின் மதிப்பு முழுதாகப் புரிவது அங்கேதான்.

மூச்சுத்துளை

இலையுதிர் காலத்தில் கடல் உறையத் தொடங்கும். முதலில் உருவாகும் மெல்லிய பனிக்கட்டியைச் சீல் தலையால் முட்டி உடைத்து மூச்சு விடும். அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். பனிக்கட்டி தடிக்கத் தடிக்க, அந்த இடம் மட்டும் மூடாமல் பார்த்துக்கொள்ளும். தலையால் முட்டுகிற காலம் முடிந்ததும் முன் துடுப்புகளில் இருக்கும் நகங்கள் வேலைக்கு வரும். மற்ற பல சீல்களின் நகங்களைவிட இவை தடித்தவை, உறுதியானவை. துளையின் சுவரில் உறையும் பனிக்கட்டியைச் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிடும். இப்படித்தான் குளிர்காலம் முழுக்க, இரண்டு மீட்டர் பனிக்கட்டிக்குள்ளும் ஒரு துளை திறந்தே இருக்கும். மேலே தலை நுழையும் அளவு, கீழே உடல் நுழையும் அளவு என்று உட்புறம் விரிந்துகொண்டே போகும் அமைப்பு.

ஒரே ஒரு துளையை நம்பி எந்தச் சீலும் இருப்பதில்லை. ஒவ்வொன்றும் பல துளைகளை வைத்திருக்கும், ஒன்றில் கரடி காத்திருந்தால் இன்னொன்றுக்குப் போக வேண்டுமே. இந்தத் திறமைதான் வளையச் சீலை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது. ஹார்ப் சீல், முக்காட்டுச் சீல் போன்றவை மிதந்து நகரும் பனிக்கட்டிகளின் விரிசல்களை ஒட்டி வாழ்கின்றன. கரையோடு ஒட்டி, அசையாமல் உறைந்து கிடக்கும் பனிக்கட்டிக்கு அடியில் குளிர்காலம் முழுவதும் தங்க வளையச் சீலால் முடியும். மற்ற சீல்கள் நுழைய முடியாத இடம் அதற்குக் கிடைத்துவிடுகிறது.

சரி, துளை இருக்கிறது. இருட்டில் அதை எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கும்? ஆர்க்டிக் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் உதிக்காது. பனிக்கட்டிக்கு அடியில் வெளிச்சம் இன்னும் குறைவு. இரை தேடிப் போய்விட்டுத் திரும்பும்போது துளையைத் தவறவிட்டால் மூச்சுத் திணறிச் சாக வேண்டியதுதான். சீல்களுக்குக் கண்கட்டி, பனிக்கட்டியில் துளைகள் போட்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கண் தெரிந்தால் கண்ணைத்தான் முதலில் நம்புகிறது. கண்ணை மறைத்தால் ஒலியை வைத்துத் திசை பிடிக்கிறது. துளைக்கு மிக அருகில் வந்ததும் மீசை முடிகள் உதவுகின்றன.

அந்த மீசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின்லாந்து உயிரியலாளர் ஹெய்க்கி ஹூவரினென் 1989இல் சைமா சீலின் மீசையை ஆராய்ந்து எழுதினார். ஒவ்வொரு முடியின் வேரிலும் ஆயிரத்துக்கு மேல் நரம்பிழைகள் வந்து சேர்கின்றன. நிலத்தில் வாழும் பாலூட்டிகளின் மீசையில் இருப்பதைப்போல் இது ஏறத்தாழ பத்து மடங்கு. தண்ணீரில் ஏற்படும் சின்ன அசைவையும் அதிர்வையும் இவை உணரும். கலங்கிய, இருண்ட ஏரித் தண்ணீரில் மீன் பிடித்து வாழும் ஒரு விலங்குக்கு இது எவ்வளவு பெரிய துணை என்று யோசித்துப் பாருங்கள்.

முங்குவதும் தின்பதும்

வளையச் சீல் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் மேலே வந்துவிடும். தேவைப்பட்டால் அதைவிட நெடுநேரமும் தாங்கும். நாம் முங்கும் முன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வோம், சீல் நேர்மாறாக மூச்சை வெளியே விட்டுவிட்டு இறங்கும். நுரையீரலில் காற்று குறைவாக இருந்தால் ஆழத்து அழுத்தத்தில் நைட்ரஜன் இரத்தத்தில் கலந்து ஏற்படும் ஆபத்து குறையும். அப்படியானால் ஆக்சிஜன்? அதை இரத்தத்திலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கிறது. எடைக்கு ஏற்ற அளவில் பார்த்தால் நம்மைவிட அதன் உடலில் இரத்தம் அதிகம். தசையில் மயோகுளோபின் என்ற புரதம் மிக அதிகமாக இருக்கிறது, சீல் இறைச்சி கறுத்துத் தெரிவதற்கு அதுதான் காரணம். முங்கியதும் இதயத்துடிப்பு பல மடங்கு குறையும், இரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் முன்னுரிமையோடு போகும்.

ஆர்க்டிக் காட் என்ற சின்ன மீன்தான் பல இடங்களில் குளிர்கால உணவில் முதலிடம். பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் வளரும் பாசியைச் சிறு உயிரிகள் தின்ன, அவற்றை இந்த மீன் தின்ன, மீனைச் சீல் தின்ன, சீலைக் கரடி தின்கிறது. இறால் போன்ற சிறு ஓட்டுயிரிகளையும் சீல் நிறையத் தின்னும், குட்டிகளுக்கு முதலில் கிடைக்கும் இரை பெரும்பாலும் அதுதான். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நன்றாகத் தின்று தோலுக்கு அடியில் தடித்த கொழுப்புப் படலத்தைச் சேர்த்துக்கொள்ளும். குளிர்த் தண்ணீரிலிருந்து உடலைக் காப்பதும் பட்டினிக் காலத்தில் சோறு போடுவதும் அந்தக் கொழுப்புதான்.

வெண்பனிக்குள் ஒரு அறை

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வந்துவிட்டோம்.

கடல் உறையும்போது பனிக்கட்டிப் பாளங்கள் ஒன்றோடொன்று மோதி, நொறுங்கி, மேடுகளாக எழும்பி நிற்கும். குளிர்காலக் காற்று வெண்பனியை வாரிக்கொண்டு வந்து இந்த மேடுகளின் மறைவில் குவிக்கும். சமதளத்தில் 20 சென்டிமீட்டர் அளவுக்கு வெண்பனி இருந்தால், மேடுகளை ஒட்டிய குவியல் அரை மீட்டரையும் தாண்டி உயரும். வளையச் சீலுக்கு வேண்டியது அந்தக் குவியல். அதன் அடியில் இருக்கும் மூச்சுத்துளையைப் பெரிதாக்கி, பனிக்கட்டியின் மேல் ஏறி, நகத்தால் வெண்பனியைக் குடைந்து ஒரு அறையை அமைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒன்றுமே தெரியாது. வெறும் வெள்ளைப் பரப்பு. உள்ளே ஒரு சீல் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். அறைக்கு வாசல் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கடலுக்குள்.

இந்தப் பனிக்குகைகளில் இரண்டு விதம் உண்டு. படுத்து ஓய்வெடுக்க மட்டும் சில. குட்டி போடுவதற்கென்று சில. குட்டி பிறந்த குகையை அடையாளம் காண்பது எளிது: தாய் குடைந்த பெரிய அறையிலிருந்து குட்டி தானாகத் தோண்டிய சின்னச் சின்னச் சுரங்கங்கள் கிளை பிரிந்து போகும். ஒரு தாய்க்கு ஒரே குகை என்று இருப்பதில்லை. பக்கத்தில் இரண்டு மூன்றாவது இருக்கும். ஒன்று கலைக்கப்பட்டால் குட்டியை வாயால் கவ்வி இன்னொன்றுக்குக் கொண்டு போய்விடும்.

குகையால் கிடைக்கும் முதல் நன்மை கதகதப்பு. வெண்பனியின் துகள்களுக்கு இடையில் காற்று நிறையச் சிக்கியிருக்கும், அதனால் அது வெப்பத்தை வெளியே விடாது. கம்பளிப் போர்வை செய்யும் வேலையேதான். கீழே கடல்நீர், உறைந்தாலும் மைனஸ் 1.8 டிகிரிக்குக் கீழே போகாதது, துளை வழியாகக் கொஞ்சம் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சீலின் உடல் வெப்பமும் சேரும். வெளியே மைனஸ் 30 டிகிரி என்றாலும் உள்ளே உறைநிலையை ஒட்டிய வெப்பநிலைதான். வெளியே வீசும் பனிக்காற்று உள்ளே துளியும் வராது என்பது இன்னும் பெரிய விஷயம்.

குட்டிக்கு இந்தக் கதகதப்பு உயிர் காக்கும் தேவை. மார்ச் மாதக் கடைசியிலும் ஏப்ரலிலும் ஒரு பிரசவத்துக்கு ஒரே ஒரு குட்டி பிறக்கும். நீளம் 60 சென்டிமீட்டர் சொச்சம், எடை நாலரை முதல் ஐந்து கிலோ. உடம்பில் கொழுப்பு அவ்வளவாக இருக்காது. அடர்ந்த வெள்ளை ரோமம் மட்டும் இருக்கும். அந்த ரோமம் காய்ந்திருக்கும்வரை நன்றாகக் காக்கும், நனைந்துவிட்டால் அதன் பயன் பெரிதும் போய்விடும். நனைந்த குட்டி திறந்த வெளியில், காற்றில் கிடந்தால் வேகமாகக் குளிர்ந்துபோகும். குகைக்குள் ஏறிவிட்டால் சமாளித்துக் காய்ந்துகொள்ளும்.

ஆனால் குட்டி நனையாமலே இருக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. ஆய்வுகள் காட்டியதில் என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான்: பால் குடிக்கும் பருவத்திலேயே குட்டிகள் தங்கள் நேரத்தில் ஏறக்குறைய பாதியைத் தண்ணீரில் கழிக்கின்றன. உடலில் கருவி பொருத்திப் பார்த்தபோது, இந்த வயதிலேயே 90 மீட்டர் ஆழத்தை நெருங்கும் அளவுக்கு முங்கியிருந்தது தெரிந்தது. பல துளைகளின் இடத்தையும் தெரிந்து வைத்திருந்தன. தாய் இரை தேடப் போயிருக்கும்போது கரடி வந்தால் குட்டி தானே தண்ணீரில் குதித்து அடுத்த துளைக்குப் போயாக வேண்டும். அந்தப் பயிற்சிதான் இது.

தாய்ப்பாலில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பு. பசும்பாலில் இது 4 சதவீதம் அளவுதான். ஐந்து ஆறு வாரங்களில் குட்டி பிறந்த எடையைப்போல் நான்கு மடங்காகிவிடும். இங்கே உறவினரோடு ஒப்பிட்டால் குகையின் அருமை தெரியும். ஹார்ப் சீல் சுமார் 12 நாட்களும், முக்காட்டுச் சீல் வெறும் 4 நாட்களும்தான் பால் கொடுக்கின்றன. அவை நகரும் பனிக்கட்டியின் மேல், திறந்த வெளியில் குட்டி போடுபவை. பாளம் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது, சீக்கிரம் முடித்தாக வேண்டும். வளையச் சீலின் உடல் சிறியது. மொத்தப் பாலுக்கும் தேவையான கொழுப்பை முன்கூட்டியே சேர்த்து வைக்க அதனால் முடியாது. நடுநடுவே போய்த் தின்று வந்துதான் பால் கொடுக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். அந்த நாட்களை அதற்குக் கொடுப்பது அசையாத பனிக்கட்டியும் மறைக்கும் வெண்பனியும்தான்.

கரடியின் மூக்கு

துருவக்கரடியின் முதன்மை உணவு வளையச் சீல்தான். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் கரடி பனிக்கட்டியின் மேல் மோப்பம் பிடித்துக்கொண்டே நடக்கும். வெண்பனிக்கு அடியில் மறைந்திருக்கும் குகையை வாசனையால் கண்டுபிடித்துவிடும். மெல்லக் கிட்டே வந்து, முன்னங்கால்கள் இரண்டையும் உயர்த்தி, தன் முழு எடையையும் கொடுத்துக் கூரையின் மேல் விழும். கூரை மெல்லியதாக இருந்தால் ஒரே அடியில் உடைந்துவிடும். தடித்து இறுகியிருந்தால் இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டியிருக்கும், அதற்குள் உள்ளே இருப்பது தண்ணீருக்குள் போய்விடும். உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருப்பது சில விநாடிதான். அந்த விநாடிகளைத் தருவது கூரையின் தடிமன். ஆர்க்டிக் நரியும் விடுவதில்லை, சிறிய உடம்பு என்பதால் குடைந்தே உள்ளே போய்க் குட்டியைப் பிடித்துவிடும்.

வெண்பனிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இந்தக் குகைகளை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்வி வரலாம். ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக நாய்களின் மோப்பத்தைக்கொண்டு மூச்சுத்துளைகளைத் தேடி வேட்டையாடியவர்கள். ஆய்வாளர்களும் அதே வழியைப் பின்பற்றி, நாய்களைப் பழக்கித்தான் குகைகளைக் கணக்கெடுத்தார்கள். சீலின் பழக்கங்களைப் பற்றி இன்று நூல்களில் இருப்பதில் கணிசமான பங்கு இனுயிட் வேட்டைக்காரர்களுக்கு முன்பே தெரிந்தது. மூச்சுத்துளைக்குப் பக்கத்தில் கடுங்குளிரில் மணிக்கணக்காக அசையாமல் நிற்க அவர்கள் பழகியிருந்தார்கள். இறைச்சி உணவானது, தோல் உடையும் காலணியும் ஆனது, கொழுப்பு கல்விளக்கில் எரிந்து வெளிச்சமும் சூடும் தந்தது. மரம் முளைக்காத ஊரில் அவர்கள் பிழைத்ததில் இந்தச் சின்ன சீலுக்குப் பெரிய பங்கு உண்டு.

குட்டி பால் மறக்கும் காலத்தை ஒட்டி இணைசேர்க்கை நடக்கும், தண்ணீருக்கு அடியில். இந்தப் பருவத்தில் முதிர்ந்த ஆண்களின் முகம் கறுத்துவிடும், முகத்துச் சுரப்பிகளிலிருந்து பெட்ரோல் போல ஒரு கடும் நாற்றம் கிளம்பும். அந்த நேரத்தில் ஆண் சீலின் இறைச்சியை மனிதர்கள் விரும்புவதில்லை. கருவுற்ற முட்டை உடனே கருப்பையில் ஒட்டிக்கொள்ளாமல் மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே காத்திருக்கும். அதற்கு அப்புறம்தான் வளரத் தொடங்கும். இப்படித் தள்ளிப்போடுவதால் அடுத்த குட்டியும் சரியாக வசந்தத்தில், வெண்பனி உச்சத்தில் இருக்கும்போது பிறக்கும்.

மே, ஜூன் மாதங்களில் வெண்பனி இளகிக் குகைகள் திறந்துகொள்ளும். அப்போது சீல்கள் வெளியே ஏறி வெயிலில் படுத்து ரோமம் உதிர்க்கும். புது ரோமம் வளரத் தோல் சூடாக இருக்க வேண்டும், அதனால் தின்பதைக் குறைத்துக்கொண்டு நெடுநேரம் மேலேயே கிடக்கும். சுற்றுலாப் படங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தச் சில வாரங்களைத்தான். ஆழ்ந்து தூங்குவதுபோல் தெரியும், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கண்ணை மூடும். முதல் வருடக் கண்டங்களைத் தாண்டிவிட்டால் 25, 30 வருடம் வாழும். 40ஐத் தாண்டியவையும் பதிவாகியிருக்கின்றன. பல்லை மெல்லியதாக வெட்டி, அதில் வருடத்துக்கு ஒன்றாகப் படியும் அடுக்குகளை எண்ணி வயதைச் சொல்கிறார்கள்.

வெண்பனி இல்லாவிட்டால்?

1979ஆம் ஆண்டு ஏப்ரலில் கனடாவின் பாஃபின் தீவின் தென்கிழக்குக் கரையில் வழக்கத்துக்கு மாறாக வெப்பநிலை ஏறி மழையும் பெய்தது. அங்கே களப்பணியில் இருந்த இயன் ஸ்டெர்லிங், தாமஸ் ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை நேரில் பார்த்துப் பிற்பாடு எழுதினார்கள். மழையில் குகைகளின் கூரைகள் கரைந்து இடிந்தன. பால் குடிக்கும் குட்டிகள் வெட்டவெளியில் கிடந்தன. கரடிகளுக்குத் தேடும் வேலையே இல்லாமல் போனது. கவனியுங்கள், பனிக்கட்டி அங்கே இருந்தது. போனது வெண்பனி மட்டும்தான்.

புவி வெப்பமாவதால் இரண்டு பக்கத்திலிருந்தும் இந்தச் சிக்கல் இறுகுகிறது. ஆர்க்டிக்கில் வெண்பனி பெருமளவு விழுவது இலையுதிர் காலத்தில். அந்த நேரத்தில் கடல் உறைந்திருந்தால் அது பனிக்கட்டியின் மேல் சேரும். உறைவது ஒரு மாதம் தள்ளிப்போனால், விழும் வெண்பனி அத்தனையும் திறந்த கடலில் விழுந்து கரைந்துபோகும். பிறகு என்னதான் பனிக்கட்டி தடித்தாலும் மேலே குகை குடையக் குவியல் இருக்காது. மறுபக்கம், வசந்தம் சீக்கிரம் வந்தால் அல்லது மழை பெய்தால், இருக்கும் குகையும் குட்டி பால் மறப்பதற்கு முன்பே இடிந்துவிடும். குளிர்காலத்தில் மொத்தப் பனிப்பொழிவு கூடினாலும் சீலுக்குப் பயன் இல்லாமல் போகலாம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். எப்போது விழுகிறது, எதன்மேல் விழுகிறது என்பதே கேள்வி.

ஸ்வால்பார்டின் மேற்குக்கரை இதற்குக் கண்கூடான சான்று. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008இல் தொடங்கப்பட்ட நியு ஒலேசுண்ட் ஊர் அங்கேதான், கோங்ஸ்ஃபியோர்டு என்ற கடற்கழியின் கரையில் இருக்கிறது. அந்தக் கழிகளில் பனியாறுகளிலிருந்து உடைந்து விழும் துண்டுகள் கடல் பனிக்கட்டியோடு சேர்ந்து உறையும், அந்தத் துண்டுகளின் மறைவில் வெண்பனி குவியும், அதில் சீல்கள் குகை குடையும். 2006ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்தக் கரையில் கடல் உறைவது வெகுவாகக் குறைந்துவிட்டது. குகை கிடைக்காத தாய்கள் வெறும் பனிக்கட்டியின் மேலேயே குட்டி போடுகின்றன. அங்கே கரடிக்கும் நரிக்கும் மேலாக, வானத்திலிருந்து பார்த்துவிடும் பெரிய கடற்காகங்களும் குட்டிகளைக் கொத்திக் கொல்கின்றன.

எண்ணிக்கையில் உலகம் முழுக்க வளையச் சீல்கள் இன்னும் பல லட்சக்கணக்கில் இருக்கின்றன. அப்படியிருந்தும் 2012 டிசம்பரில் அமெரிக்க அரசு ஆர்க்டிக், ஒகோட்ஸ்க், பால்டிக் துணையினங்களை அச்சுறுத்தலுக்கு உள்ளானவை என்றும், லடோகாச் சீலை அழியும் ஆபத்தில் இருப்பது என்றும் பட்டியலில் சேர்த்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று, வரும் பத்தாண்டுகளில் குகைக்குப் போதுமான வெண்பனி இருக்காது என்ற கணிப்பு. இன்றைய எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம் என்று அப்போது முடிவெடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். நீண்ட நாள் வாழும் விலங்கில் குட்டிகள் சாவது உடனே கணக்கில் தெரியாது. பெரியவை இருந்துகொண்டே இருக்கும், அடுத்த தலைமுறை வராமல் போனது பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

மனிதர் குவிக்கும் பனி

சைமா ஏரிக்கு வருவோம். பின்லாந்தின் தென்கிழக்கில், ஆயிரக்கணக்கான தீவுகளோடு பரந்து கிடக்கும் நன்னீர் ஏரி. கடலோடு தொடர்பு அறுந்து ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இங்கே மட்டுமே வாழும் சைமா சீலை ஒரு காலத்தில் மீனைத் தின்னும் எதிரி என்று வேட்டையாடினார்கள். 1955இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. ஆனாலும் 1980களில் இருநூறுக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஏரியில் கடலைப்போல் பாளங்கள் மோதி மேடு எழும்பாது, பனிக்கட்டி சமமாக இருக்கும். அதனால் இந்தச் சீல்கள் தீவுகளின் கரையோரத்தில் காற்று குவிக்கும் வெண்பனியில்தான் குகை குடைகின்றன. பனி குறைந்த குளிர்காலங்களில் அந்தக் குவியலும் இருக்காது. அப்போது பிறக்கும் குட்டிகள் குளிருக்கும் நரிக்கும் நாய்க்கும் மனித நடமாட்டத்துக்கும் அகப்பட்டுவிடும்.

கிழக்கு பின்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு எளிய வழியைச் சோதித்தார்கள். ஏரியில் இருக்கும் கொஞ்சநஞ்ச வெண்பனியை மண்வெட்டியால் வாரி, சீல்கள் வழக்கமாகக் குகை குடையும் கரையோரங்களில் நீண்ட குவியலாகச் சேர்த்து வைப்பது. பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. சீல்கள் ஏற்றுக்கொள்ளுமா என்பதுதான் கேள்வியாக இருந்தது. ஏற்றுக்கொண்டன. பனி மிகக் குறைந்த 2014ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் முதன்முறையாக இதைப் பெரிய அளவில் செய்தார்கள். பின்லாந்தின் வனத்துறை அமைப்பான மெட்சாஹல்லிட்டுஸ் ஊழியர்களும் ஊர்த் தன்னார்வலர்களும் சேர்ந்து இருநூறுக்கும் மேற்பட்ட குவியல்களை அமைத்தார்கள். அந்த ஆண்டு கணக்கெடுப்பில் தெரியவந்த குட்டிகளில் பெரும்பாலானவை அந்தக் குவியல்களில்தான் பிறந்திருந்தன. அதன் பிறகு பனி குறைந்த ஒவ்வொரு குளிர்காலத்திலும் இது வழக்கமாகிவிட்டது.

குகையிலிருந்து தப்பி வந்த குட்டிக்கு அடுத்த ஆபத்து மீன் வலை. மீசையால் இருட்டில் மீனை உணரும் அதே குட்டி, மெல்லிய நைலான் வலையில் சிக்கி மூச்சுத் திணறிச் சாகும். பால் மறந்த புதிதில், அனுபவமில்லாத வசந்த மாதங்களில்தான் இது அதிகம். அதனால் சீல் வாழும் பகுதிகளில் ஏப்ரல் நடுவிலிருந்து கோடைவரை செவுள்வலை போடச் சட்டப்படித் தடை இருக்கிறது. அந்தத் தடையை நீட்டுவது பற்றி மீன் பிடிப்பவர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் இடையே வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. சைமா சீல்களின் எண்ணிக்கை இப்போது 400ஐத் தாண்டிவிட்டது.